நாலு பேரும் ஒரு திண்ணையும்

"பையன் படிப்பில் கெட்டிக்காரன்தான். ஆனால் நாலு பேரோடு பழகத் தெரியவில்லை."

இப்படிச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்ளாத தாய் தகப்பன்மார் இன்று அபூர்வம். வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறானாம். இல்லாவிட்டால், வந்தவர்களுடைய குழந்தையின் கையிலிருக்கும் பொம்மையைப் பிடுங்கிக்கொள்கிறானாம். விளையாட்டில் தோற்றுவிட்டால் காய்களை வாரி இறைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறானாம். இதற்கு வைத்தியம் செய்ய இப்போது பட்டணங்களில் வகுப்புகள்கூட நடக்கின்றன. மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால், கை குலுக்குவது எப்படி, எதிரே இருப்பவர் முகம் பார்த்துப் பேசுவது எப்படி என்றெல்லாம் கற்றுக்கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த வகுப்புகளை நான் பரிகாசம் செய்ய வரவில்லை. தாகம் எடுத்தவன் தண்ணீரை விலை கொடுத்து வாங்குகிறான். அதில் தப்பு என்ன? ஆனால் ஊற்று எங்கே இருந்தது, அது எப்படித் தூர்ந்து போயிற்று என்று கொஞ்சம் விசாரித்துப் பார்ப்பதும் நல்லதுதான் அல்லவா?

அப்படி விசாரித்துக்கொண்டு போனால், சரித்திரம் நம்மை முதலில் ஒரு கோயில் மண்டபத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களும் சரியாக நாலு பேர்தான்!

அது 1623-ஆம் ஆண்டு. பியத்ரோ டெல்லா வல்லே என்ற இத்தாலியப் பிரயாணி, போர்த்துக்கீசியத் தூதர் ஒருவரோடு சேர்ந்து கன்னட தேசத்தில் இக்கேரி நாயக்கரின் தலைநகரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஓர் ஊரில் கோயில் மண்டபத்தில் நாலு சிறுவர்கள் கணக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். தரையிலே மெல்லிய மணலைப் பரப்பியிருந்தார்கள். ஒருவன் பாடத்தை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதுவான். மற்ற மூவரும் அப்படியே சொல்லி அப்படியே எழுதுவார்கள். தரை நிரம்பிவிட்டால் கலைத்துவிட்டு மறுபடியும் மணலைத் தூவுவார்கள். உபாத்தியாயர் என்று ஒருவரும் அங்கே இல்லை.

டெல்லா வல்லேக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "உங்களுக்கு ஏதாவது மறந்துபோனால் யார் திருத்துவார்கள்?" என்று கேட்டார். நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் மறந்துபோவது எங்கேயாவது நடக்குமா, ஒருவனுக்குத் தெரியாதது இன்னொருவனுக்குத் தெரிந்துதானே இருக்கும் என்ற கருத்தில் பையன்கள் பதில் சொன்னார்கள். பிரயாணி அதை மெச்சித் தம்முடைய கடிதத்தில் எழுதி வைத்தார். அதனால்தான் நானூறு வருஷம் கழித்து நாமும் அந்த மண்டபத்தை எட்டிப் பார்க்க முடிகிறது.

அந்த நால்வரும் கற்றுக்கொண்டது கணக்கு மட்டுமா? ஒருவன் சொல்லும்போது மற்றவன் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். தப்பைச் சுட்டிக்காட்டுகிறவன் கேலி செய்யாமல் சொல்ல வேண்டும். தப்புச் செய்தவன் ரோஷப்படாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். யாருடைய முறை எப்போது வருகிறது என்று அவர்களுக்குள்ளேயே ஒரு நியாயம் ஏற்பட வேண்டும். இவ்வளவும் இல்லாவிட்டால் பாதிப் பாடத்திலேயே மணலை வாரி ஒருவர் கண்ணில் ஒருவர் போட்டுக்கொண்டிருப்பார்கள்! "நாலு பேரோடு பழகுவது" என்று நாம் சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல பாடம் வேறு எது?

இது அந்த ஓர் ஊரில் மட்டும் நடந்த அதிசயம் அல்ல. நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் இதுதான் வழக்கம். 1822-ஆம் ஆண்டில் சென்னைக் கவர்னர் சர் தாமஸ் மன்றோ, ராஜதானி முழுவதிலும் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன என்று ஜில்லாக் கலெக்டர்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் கூட்டிப் போட்ட கணக்கு: பள்ளிக்கூடங்கள் 12,498. மாணவர்கள் 1,88,650 பேர். இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரே ஓர் உபாத்தியாயரை வைத்துக்கொண்டு நடந்தவை. ஐந்து வயதுக் குழந்தையும் பன்னிரண்டு வயதுப் பையனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மனிதர் அத்தனை பேரையும் எப்படிச் சமாளிப்பது? அதற்காக ஏற்பட்டவன்தான் சட்டாம்பிள்ளை. பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். சொல்லிக்கொடுப்பதிலேயே அவனுக்கும் பாடம் உறுதிப்பட்டுவிடும். அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த பெல்லாரி ஜில்லாவின் கலெக்டர் காம்ப்பெல், 1823-இல் எழுதிய அறிக்கையில் இந்த முறையைப் போற்றி, இங்கிலாந்து இதைப் பார்த்து நடந்துகொண்டது நியாயந்தான் என்று ஒப்புக்கொள்கிறார்.

ஆனால் பழைய காலத்தின் மேல் பிரேமை கொண்டு திண்ணைக்குத் தோரணம் கட்டிவிடக் கூடாது. அதே காம்ப்பெல் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி. மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி. நாலாமவனுக்கு இரண்டு. அப்படியே வர வர அடி ஏறிக்கொண்டே போகும். சோம்பேறிப் பையன்களை இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் உண்டு. இதற்குக் கோதண்டம் என்று நம் ஊரில் பெயர். தவிர, அந்தத் திண்ணையில் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. சேரிக் குழந்தைகளுக்கோ திண்ணைப் படி ஏறவே வழி இல்லை. "நாலு பேர்" என்று சொல்கிறோமே, அந்த நாலு பேர் யார், யாரை விட்டுவிட்டு நாலு என்று எண்ணினோம் என்ற கேள்வியும் இந்தச் சரித்திரத்தோடு கூடவே வருகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

இங்கிலாந்து இதைப் பார்த்து நடந்துகொண்டது என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கதை நடந்த இடம் நம்முடைய எழும்பூர்.

ஆண்ட்ரூ பெல் என்பவர் ஸ்காட்லாந்து தேசத்தவர். 1787-இல் சென்னைப் பட்டணத்தில் வந்து இறங்கினார். 1789-இல் எழும்பூரில் கம்பெனிச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி ஏற்பட்டபோது அதற்குத் தலைவரானார். அந்த வேலைக்குச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அங்கே இருந்த பிள்ளைகளில் அநேகர் வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் நாட்டுத் தாய்க்கும் பிறந்தவர்கள். தகப்பன் ஜாதியும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தாய் ஜாதியும் சேர்த்துக்கொள்ளவில்லை. பொய்யும் திருட்டும் சோம்பலும் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியவை என்று துரைமார்கள் தீர்மானமாக நம்பினார்கள். பெல்லுக்கு வாய்த்த உதவி ஆசிரியர்களும் அதையே நம்பினார்கள். பிறகு பாடம் எப்படி ஏறும்?

ஒருநாள் காலையில் குதிரைச் சவாரி போகும்போது பெல் ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். அந்நாளில் ஆங்கிலேயர்கள் தமிழர்களை மலபார் என்றுதான் குறிப்பிடுவார்கள். அங்கே குழந்தைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பியதும், அரிச்சுவடி வகுப்பில் அந்த மாதிரி மணலைப் பரப்பிக் கற்றுக்கொடுக்கும்படி ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்களுக்கு அதில் இஷ்டமில்லை; இது நடக்காத காரியம் என்றார்கள். பெல் பிடிவாதக்காரர். மேல் வகுப்பிலிருந்து ஜான் ஃப்ரிஸ்கன் என்ற பையனைக் கூப்பிட்டு, அந்தச் சின்னக் குழந்தைகளை அவனிடம் ஒப்புவித்தார். பையன் ஒரு சிப்பாயின் பிள்ளை. அப்போது அவனுக்கு வயது எட்டு. பெரியவர்களால் நடக்காத காரியம் எட்டு வயதுப் பையனிடம் நடந்தது!

பெல் அந்த ஒரு வகுப்போடு நிறுத்தவில்லை. பள்ளி முழுவதையும் அப்படியே மாற்றி அமைத்தார். ஒவ்வொரு வகுப்பிலும் தெரிந்த பையன் ஒருவனையும் தெரியாத பையன் ஒருவனையும் அருகருகே உட்கார வைத்தார். மற்றவனுக்குப் பாடம் வரவில்லையென்றால் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் அதில் பொறுப்பு. இதைவிடப் பெரிய மாறுதல் ஒன்று உண்டு. குற்றங்களை எழுதி வைக்க ஒரு புத்தகம் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை அதைப் பிரித்துப் படிப்பார்கள். யார் குற்றவாளி, என்ன தண்டனை என்று தீர்மானிக்கும் வேலை பையன்களையே கொண்ட ஒரு பஞ்சாயத்துக்கு. அதைக் குறைக்கவோ மன்னிக்கவோ மட்டும் தலைவருக்கு அதிகாரம். இப்படி ஏற்பாடு செய்த பிறகு மாதக் கணக்கில் ஒரு தண்டனைகூடக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்று பெல் எழுதுகிறார். தம்முடைய முறையைப் பற்றித் தாமே சொல்வதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டாலும் மீதி இருப்பது கொஞ்சமல்ல. அடியைக் குறைத்தது ஆசிரியரின் கண்டிப்பு அல்ல. கூட இருப்பவர்களுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டுமே என்ற எண்ணம்.

அந்தப் பள்ளியிலிருந்து வில்லியம் ஸ்மித் என்ற வாலிபன் ஒருவன் 1794-இல் திப்பு சுல்தானின் தர்பாருக்குப் போனான். பிணையாக வைத்திருந்த இளவரசர்களைத் திருப்பி ஒப்படைக்கச் சென்ற தூது கோஷ்டியோடு அவனும் அனுப்பப்பட்டான். விஞ்ஞானக் கருவிகளை வைத்துக்கொண்டு சுல்தானுக்கு முன்னால் ஒவ்வொன்றாகச் செய்து காட்டி விளக்கம் சொன்னான். 'ரத்தத்திலேயே சோம்பல்' என்று தள்ளப்பட்டவர்களில் ஒருவன், மைசூர்ப் புலிக்கு முன்னால் நின்று நாக்குக் குழறாமல் பேசினான் என்றால், அந்தத் தைரியம் எங்கே வந்தது? தினமும் தன்னைவிடச் சின்னவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லிப் பழகியவனுக்குச் சுல்தானும் இன்னொரு மாணாக்கன்தானே!

பெல் 1796-இல் ஊர் திரும்பினார். மறுவருஷம் தம்முடைய சென்னைப் பரிசோதனையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குள் அது இங்கிலாந்தையே ஒரு கலக்குக் கலக்கியது. 'மெட்ராஸ் முறை' என்ற பெயர் ஊரெல்லாம் அடிபட்டது. பெல்லின் பணத்தில் 1833-இல் அவருடைய சொந்த ஊரான செயிண்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்குப் பெயரே 'மெட்ராஸ் காலேஜ்'!

இந்த இடத்தில்தான் கதை கெடுகிறது.

அதே சமயத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் 1798-இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். தயாள மனம் படைத்தவர். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லாததால் அவரும் சட்டாம்பிள்ளைகளை வைத்துக்கொண்டார். பிறகு பெல்லின் புத்தகமும் கைக்கு வந்தது. பள்ளி வளர்ந்தது. ஒரே கூடத்தில் ஓர் ஆசிரியர், ஆயிரம் பிள்ளைகள். ஒரு சைகை செய்தால் ஆயிரம் தலைகள் திரும்பும். இன்னொரு சைகைக்கு ஆயிரம் சிலேட்டுகள் உயரும். பார்க்க வந்த பிரபுக்கள் மெய்ம்மறந்து நின்றார்கள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு படிப்பா! அந்தக் காலம் பஞ்சாலைகளின் காலம். பள்ளிக்கூடமும் ஒரு பஞ்சாலையாகிவிட்டதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.

எழும்பூரில் இரண்டு பையன்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். லண்டனில் ஒருவன் வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டு அதிகாரம் செய்தான். தோழனாக இருந்த சட்டாம்பிள்ளை மேஸ்திரியாகிவிட்டான். லங்காஸ்டர் தடியால் அடிப்பதை வெறுத்தவர். ஆனால் அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? குற்றம் செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைக் கட்டுவது. காலில் விலங்கு மாட்டுவது. கூடையில் உட்கார்த்திக் கூரையிலிருந்து தொங்கவிட்டு மற்றப் பிள்ளைகளைச் சிரிக்கச் செய்வது. நம் ஊர்க் கோதண்டம் லண்டனில் அவதாரம் எடுத்துவிட்டது! அதிலும் நம் ஊரில் வலித்தது கை. அங்கே வலித்தது மனசு. கூட இருப்பவர்கள் எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று ஒருமுறை உணர்ந்துவிட்ட குழந்தை, அப்புறம் நாலு பேர் இருக்கும் இடத்துக்கு எந்த ஆசையோடு போகும்?

இதற்கிடையில் 'இந்த முறையைக் கண்டுபிடித்தவர் பெல்லா, லங்காஸ்டரா?' என்று இரண்டு கட்சிகள் கிளம்பிப் பத்திரிகைகளில் யுத்தம் நடத்தின. பெல்லுக்குப் பின்னால் அரசாங்கத் திருச்சபை; லங்காஸ்டருக்குப் பின்னால் மற்றச் சபையார். பிள்ளைகளை ஒற்றுமையாக இருக்கப் பழக்கும் முறைக்காகப் பெரியவர்கள் அடித்துக்கொண்டதுதான் வேடிக்கை. பெல்லுக்கோ வீட்டிலும் நிம்மதி இல்லை. 1800-இல் செய்துகொண்ட கல்யாணம் சில வருஷங்களிலேயே பிரிவில் முடிந்தது. பிறரோடு சேர்ந்து வாழும் வித்தையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், தாங்கள் அதில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன!

இயந்திரம் எவ்வளவு வேகமாகப் பரவியதோ அவ்வளவு வேகமாகவே தேய்ந்தும் போயிற்று. பெல் 1832-இல் காலமானார்; வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1846-க்குப் பிறகு பயிற்சி பெற்ற உதவியாளர்களை வைக்கும் ஏற்பாடு வந்தது. மெட்ராஸ் முறை பழங்கதையாயிற்று.

ஆனால் வேறொரு பக்கத்தில் வேறொரு விதை முளைத்துக்கொண்டிருந்தது. 1816-இல் பெல் ஐரோப்பாவில் சுற்றுப்பிரயாணம் செய்தபோது ஸ்விட்ஸர்லாந்தில் பெஸ்டலாஸி என்ற கிழவரின் பள்ளியைப் பார்த்தார். அவருக்கு அது ரசிக்கவில்லை. அதே பள்ளியில் சில வருஷங்களுக்கு முன்னால் இருந்துவிட்டுப் போனவர்தான் ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரோபெல். அவர் 1837-இல் சின்னக் குழந்தைகளுக்காக ஓர் இடத்தை ஏற்படுத்தி, 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் வைத்தார். குழந்தைகள் கைகோத்து வட்டமாக நின்று ஆடினார்கள். தோட்டத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சின்னப் பாத்தி. அவற்றைச் சுற்றி எல்லோருக்கும் பொதுவான பாத்திகள். 'என்னுடையது' என்பதையும் 'நம்முடையது' என்பதையும் மண்ணிலேயே எழுதிக் காட்டிவிட்டார்! பிரஷ்ய அரசாங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. ராஜாங்கத்துக்கு விரோதமான கொள்கை என்று சொல்லி 1851-இல் தடை விதித்தது. மறுவருஷம் ஃப்ரோபெல் இறந்துபோனார். தடை நீங்கியது 1860-இல்தான். குழந்தைகள் கைகோத்து ஆடுவதைப் பார்த்துப் பயந்த சர்க்காரும் உலகத்தில் இருந்திருக்கிறது.

பிறகு 1907. ரோமாபுரியில் ஸான் லொரென்ஸோ என்ற ஏழைகள் பேட்டை. தாய் தகப்பன்மார் வேலைக்குப் போய்விட்டால் குழந்தைகள் மாடிப்படிகளில் அலைந்து சுவர்களையெல்லாம் பாழாக்கினார்கள். சுவரைக் காப்பாற்றுவதற்காகக் கட்டடச் சொந்தக்காரர்கள் ஓர் அறையை ஒதுக்கினார்கள். மரியா மாண்டிஸோரி என்ற டாக்டர் அம்மாள் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்ற வந்து சேர்ந்தார். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை எல்லோரும் ஒரே அறையில். அவர் வகுத்த முறையில் ஒவ்வொரு விளையாட்டுக் கருவியும் ஒன்றே ஒன்றுதான். இன்னொருவன் கையில் அது இருந்தால் அவன் வைக்கும் வரையில் காத்திருக்க வேண்டும். 'பொறுமையாக இரு' என்று யாரும் உபதேசம் செய்யவில்லை. அலமாரியே உபதேசம் செய்தது!

ஒருநாள் அந்த அம்மாள் குழந்தைகளுக்கு ஒரு விசித்திரமான பாடம் நடத்தினார். மூக்கைச் சிந்துவது எப்படி, கைக்குட்டையைப் பிறர் கண்ணில் படாமல் எடுத்துச் சத்தமில்லாமல் துடைத்துக்கொள்வது எப்படி என்று செய்து காட்டினார். குழந்தைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் நாடகக் கொட்டகையில் கைதட்டுவது போலக் கைதட்டினார்கள். ஏன் என்று யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. மூக்கைத் துடைக்கவில்லை என்று அந்தக் குழந்தைகளைத் திட்டாதவர்கள் இல்லை. எப்படித் துடைப்பது என்று அமைதியாக, மரியாதையோடு காட்டினவர்கள் அதுவரையில் ஒருவரும் இல்லை!

நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். "மாமாவுக்கு வணக்கம் சொல்லு, சொல்லு" என்று விருந்தாளிக்கு முன்னால் பிள்ளையின் முதுகில் இடிக்கிறோம். அவன் சொல்லாவிட்டால், "இவன் எப்பவும் இப்படித்தான், கூச்ச சுபாவம்" என்று அவன் காது கேட்கவே பட்டம் கட்டுகிறோம். விருந்தாளி வருவதற்கு முன்னால், தனியாக இருக்கும்போது, வந்தவரை எப்படி வரவேற்பது என்று விளையாட்டாக ஒருமுறை செய்து காட்டினோமா? லங்காஸ்டரின் கூடை நம் கூடத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி, 'நாலு பேர் யார்?' என்ற கேள்விக்கு வருவோம். நம் நாட்டில் இந்தக் கேள்வி ஒரு சாப்பாட்டுப் பந்தியில் வெடித்தது. தேசபக்தர் வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம், சுதந்திர இந்தியாவின் பிள்ளைகளை உருவாக்க வந்த இடம். 1924, 1925-ஆம் ஆண்டுகளில், பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு அங்கே தனியாகச் சாப்பாடு என்ற செய்தி வெளியே வந்ததும் தமிழ்நாடே கொதித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. ரா.வும் கடுமையாக எதிர்த்தார்கள். பெரியவர்களின் அரசியல் அப்புறம் எந்தெந்தத் திசையிலோ போயிற்று. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பாடம் என்ன? வகுப்பில் எவ்வளவு சமத்துவம் பேசினாலும், இலை போடும் நேரத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதைக் குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கிறது. அது கற்றுக்கொள்வது நாம் சொல்வதை அல்ல. நாம் உட்கார வைப்பதை. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு பரவியபோது, வயிறு நிறைந்ததோடு இந்தப் பாடத்துக்கும் ஒரு திருத்தம் கிடைத்தது. பல வீட்டுப் பிள்ளைகள் ஒரே வரிசையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

காந்தியடிகள் 1931 அக்டோபரில் லண்டனில் இருந்தார். 20-ஆம் தேதி ஒரு கூட்டத்தில், இந்தியாவின் பழைய கிராமப் பள்ளிக்கூடங்கள் ஆங்கில ஆட்சியில் பட்டுப்போய்விட்டன என்று பேசினார். 28-ஆம் தேதி மாண்டிஸோரி பயிற்சிக் கல்லூரியில் அந்த அம்மாளின் முன்னிலையிலேயே பேசினார். எட்டு நாள் இடைவெளியில், பட்டுப்போன திண்ணையையும் புதிதாய்த் துளிர்த்த குழந்தை இல்லத்தையும் ஒருவரே பேசினார் என்பது எனக்கு வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை.

எட்டு வருஷம் சென்றது. 1939 நவம்பரில் மாண்டிஸோரி அம்மையாரே சென்னைக்கு வந்து சேர்ந்தார். அருண்டேல் அழைப்பின் பேரில் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் கீற்றுக் கொட்டகைகளில் பயிற்சி வகுப்பு நடந்தது. சில மாதங்களில் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. அதற்குள் யுத்தத்தில் இத்தாலி எதிரி நாடாகிவிட்டது. 1940-இல் மகன் மரியோவைச் சிறைமுகாமில் வைத்தார்கள். அம்மையாரை அடையாற்றை விட்டு நகரக் கூடாது என்றார்கள். அவருடைய எழுபதாவது பிறந்த நாளுக்குப் பரிசாக மகனை விடுதலை செய்தார்கள். பிறகு கொடைக்கானலில் சில காலம். அங்கே பல தேசத்துக் குழந்தைகள், பல வயதுக் குழந்தைகள் ஒரே இல்லத்தில் சேர்ந்து படித்தார்கள். அவர்களுடைய தேசங்கள் வெளியே ஒன்றையொன்று குண்டு போட்டு அழித்துக்கொண்டிருந்த சமயம் அது! 1946-இல் அம்மையார் ஐரோப்பா திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்றிருந்தார்கள்.

எழும்பூருக்கும் அடையாற்றுக்கும் தூரம் சில மைல்தான். காலத்தால் இடையில் நூற்றைம்பது வருஷம். பெல் மறைந்து எத்தனையோ காலத்துக்குப் பின் வந்த மாண்டிஸோரி, அவரைப் பின்பற்றியவர் அல்ல. இருந்தும் இரண்டு பேரும் ஒரே உண்மையில் வந்து நின்றார்கள். ஆறு வயதுக் குழந்தை மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல் எந்தப் பெரியவராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. கற்கிறவன் பாடத்தைக் கற்கிறான். கற்பிக்கிறவனோ, இன்னொரு மனசுக்குள் புகுந்து பார்க்கக் கற்கிறான். இந்த இரண்டாவது பாடத்துக்குத்தான் இப்போது நாம் பணம் கட்டி அலைகிறோம்.

அந்த ஊற்று தூர்ந்தது எப்படி என்று இப்போது தெரிகிறது அல்லவா? பள்ளிக்கூடத்தில் ஐந்து வயதுக்காரன் ஐந்து வயதுக்காரனோடுதான் உட்காருகிறான். அவனுக்குப் பின்பற்ற மூத்தவனும் இல்லை, தூக்கிவிட இளையவனும் இல்லை. போட்டி போட மட்டும் நாற்பது பேர் இருக்கிறார்கள். வீட்டில் ஒரே குழந்தை. அண்ணன் தம்பிச் சண்டை என்ற சர்வகலாசாலை மூடியாகிவிட்டது. தெருவில் மோட்டார்கள். அடுக்குமாடியில் பூட்டிய கதவுகள். கையில் ஒரு செல்போன். அது ஒருபோதும் 'இப்போது என்னுடைய முறை' என்று சொல்லாத தோழன். தப்பித்தவறி இரண்டு குழந்தைகள் சேர்ந்து விளையாடினால், முதல் சண்டையிலேயே இரண்டு அம்மாக்களும் ஓடி வந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பெல் துரை தீர்ப்புச் சொல்வதைப் பையன்களிடமே விட்டாரே, அந்த ரகசியம் நமக்கு மறந்துபோயிற்று. ரத்தக் காயம் படாத சண்டைகளில் ஐந்து நிமிஷம் தாமதமாகப் போனால் பாதி வழக்குகள் அவர்களுக்குள்ளேயே ராஜியாகிவிடும். அந்த ஐந்து நிமிஷந்தான் வகுப்பு.

2020-இல் கொள்ளை நோயினால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. மறுவருஷம் அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஒரு திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் தங்கள் குடியிருப்புகளிலேயே பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கூட்டம். ஆறிலிருந்து எட்டு வரை ஒரு கூட்டம். விட்டுப்போன பாடத்தைப் பிடிப்பதற்காக ஏற்பட்ட காரியம் அது. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரும்படி ஆனபோது, கேட்காமலே பழைய திண்ணை ஒன்று மறுபடியும் எழுந்து நின்றது. இந்தத் தடவை அதில் பெண் குழந்தையும் இருந்தாள். முன்பு படி ஏற முடியாதிருந்த வீட்டுக் குழந்தையும் இருந்தது.

ஆகவே, பிள்ளைக்கு நாலு பேரோடு பழகத் தெரியவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் முதலில் அந்த நாலு பேரைத் தேடிக் கொடுக்க வேண்டும். அவர்கள் எல்லோரும் ஒரே வயதாக, ஒரே வகுப்பாக, ஒரே அந்தஸ்தாக இருக்க வேண்டாம். எதிர்வீட்டுச் சின்னக் குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிடச் சொல்லுங்கள். மாடிவீட்டுப் பெரிய பையனிடம் சைக்கிள் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். வாசலில் ஒரு பாயை விரித்துப் போட்டுவிட்டு, காது கேட்கும் தூரத்தில், ஆனால் கண்ணில் படாமல், உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஒருவனுக்குத் தெரியாதது இன்னொருவனுக்குத் தெரிந்திருக்கும்.